இடப்பக்கச் சக்கரம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு

எங்கள் தெருவில் முதல் கார் எங்களுடையதுதான். இதை இன்றைக்கும் யாரும் மறுக்க முடியாது. அது ஓடிய நாளைவிட ஜாக்கியின் மேல் நின்ற நாள்தான் அதிகம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் திரிந்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள்கூட நின்றதில்லை.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். மாமியார், என் வீட்டுக்காரர், நான், இடுப்பில் பல வருஷம் கழித்துப் பிறந்த என் பெரியவள், அப்புறம் கொழுந்தன். வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் டர்னர். இரும்பைக் கடைந்து கடைந்து அவருடைய பேச்சும் சுருள் சுருளாகக் குறைந்துபோயிருந்தது. கொழுந்தன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். நான் மருமகளாக வந்தபோது அவன் அரைக்கால் சட்டைப் பையன். தலைக்கு எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். அதனால் அவன் மீசை வைத்த பிறகும் எனக்கு அவன் என் முதல் பிள்ளைதான்.

யாரோ மோதி நொறுக்கிப் போட்ட பழைய ஃபியட் அது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கி, பின்கட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு, தட்டி நிமிர்த்தி ஓட வைத்தார்கள். அதுவரைக்கும் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்தக் காரை இவர் ஒரு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார், அவன் வேறு மாதிரி. இவருக்கு, கால் வீங்கிய தன் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயில் வாசல்வரை கொண்டுபோய் இறக்க வேண்டும். அவனுக்கு, சோழவரத்தில் விமானம் இறங்கிய பழைய ஓடுபாதையில் நடக்கும் ரேஸில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும்.

ஒருநாள் இவர் வேலை முடிந்து வந்து பார்த்தால் கார் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது, அடைகாக்கிற கோழி மாதிரி. கொழுந்தன் லீவு போட்டு ஸ்பிரிங்கைச் சுற்றுச் சுற்றாக வெட்டிவிட்டான். வண்டி தாழ்ந்தால்தான் வளைவில் கவிழாது என்று யாரோ தோஸ்து சொன்னானாம்.

இவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. உள்ளே வந்து, "சோறு போடு" என்றார். அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "அண்ணி, இந்த ரேஸ் முடியட்டும், நா தனியா போயிடறேன். அவரு மூஞ்சிய பாத்துகினு என்னால துன்ன முடியாது" என்றான். என் பிறந்த வீடு இப்படித்தான் உடைந்தது. என் பெரியப்பாவும் அப்பாவும் பேச்சை விட்டார்கள், அப்புறம் நடுவில் ஒரு தட்டி வந்தது, அப்புறம் சுவர் வந்தது. ஒரு சாவுக்குக்கூட அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள். இந்த வீட்டில் அப்படி ஒரு சுவர் எழும்பக் கூடாது என்பதுதான் எனக்குக் கவலை. கார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

ஆனால் பாருங்கள், பேச்சு விட்டவர்களால் காரை விட முடியவில்லை. தாழ்ந்த உடம்புக்குக் கீழே பழைய ஒல்லிச் சக்கரம் பார்க்கச் சகிக்கவில்லை. கொழுந்தன் புளியந்தோப்பில் பழைய சாமான் கடையிலிருந்து நாலு அகலமான டயரும், கப்பலில் வந்த ஏதோ வெளிநாட்டு வண்டியின், டயர் உட்காருகிற நாலு இரும்பு வளையமும் கொண்டுவந்தான். காரின் சொந்தச் சக்கரம் பதினாலு இன்ச்சு. இது பதின்மூன்று. அகலமோ ஐந்தரை.

இவர் கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "பதிமூணு போட்டா வண்டி இன்னும் எறங்கும். ஆர்பர் தண்டவாளத்த தாண்டும்போது சைலன்சர் கயண்டு வுயும்னு சொல்லு."

கொழுந்தன் அவருக்கு மூன்றடி தள்ளித்தான் நிற்கிறான். அவனும் என்னைப் பார்த்தே சொன்னான்: "அகல டயரு பதிமூணுலதான் கெடைக்குதுன்னு சொல்லு அண்ணி. சைலன்சர நா தூக்கிக் கட்டிக்கறேன்."

"காதுல வுயுந்துச்சா?" என்று நான் இரண்டு பேரையும் கேட்பேன். இரண்டு பேரும் தலையாட்ட மாட்டார்கள். நான் திரும்பவும் சொல்ல வேண்டும். இப்படித்தான் அந்தக் காரின் வேலை முழுக்க என் வாய் வழியாக நடந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் காதில் விழுந்தது அப்படியே நிற்கும். மீன்காரியிடமோ மளிகைக் கடையிலோ என்னை ஒருவரும் ஏமாற்றியதில்லை.

கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தச் சூட்சுமம் பிடிபட்டது. பழைய சக்கரத்தின் நடுத் தட்டை, போல்ட் மாட்டுகிற தட்டை, வெட்டி எடுத்து ஓரத்தைக் கடைந்து புது வளையத்துக்குள் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தட்டை வளையத்தின் வெளி விளிம்புப் பக்கம் தள்ளி வைத்தால், மாட்டும்போது சக்கரம் காருக்குள் ஒடுங்கிப் போகும். உள் விளிம்புப் பக்கம் வைத்தால் சக்கரம் வெளியே துருத்தும். ரொம்ப ஒடுங்கினால் உள்ளே ஸ்டியரிங் கம்பியில் உரசும். ரொம்பத் துருத்தினால் மட்கார்டில் உரசும், பேரிங்குக்கும் பாரம். மட்கார்டுக்கு வெளியே டயர் தெரிந்தால் சோழவரத்தில் உள்ளேயே விட மாட்டார்களாம்.

கொழுந்தனுக்குச் சக்கரம் வெளியே வர ஆசை. காலை அகட்டி நிற்கிற பயில்வான் மாதிரி வண்டி நிற்க வேண்டும் அவனுக்கு. இவருக்கு உள்ளே இருக்க வேண்டும். மூன்று நாலு சாயங்காலம் நான் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து நடந்து, கடைசியில் இவர் ஒரு முடிவு சொன்னார்.

"தட்டு மூணரை இன்ச்சுல உக்காரணும்னு சொல்லு."

"மூணரையாம்" என்றேன்.

"மூணரையா? சரின்னு சொல்லு" என்றான் அவன். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டானே என்று எனக்கு ஆச்சரியம். மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டு சக்கரம். அதிலாவது முன்னால் இரண்டு உனக்கு, பின்னால் இரண்டு எனக்கு என்று பிரித்திருக்கலாம். வீட்டைப் பாகம் பிரிக்கிறவர்கள் மாதிரி, இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு என்று பிரித்தார்கள். இவர் தெரிந்த லேத் கடையில் தன் கையாலேயே கடைந்து பற்ற வைத்தார். அவன் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிவந்தான். ஒருவர் செய்ததை இன்னொருவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் மரியாதை போய்விடுமே!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சக்கரம் மாட்டினார்கள். இவர் இடப்பக்கம் குந்திக்கொண்டு போல்ட்டை முறுக்குகிறார், அவன் வலப்பக்கம். நடுவில் கார், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஜாக்கியை இறக்கி, காரைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சந்தில் நிறுத்தினார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

இடப்பக்கச் சக்கரம் இரண்டும் மூச்சை இழுத்துப் பிடித்தது மாதிரி உள்ளே ஒடுங்கியிருந்தது. வலப்பக்கம் இரண்டும் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னாக்கா, உங்க காரு ஒரு பக்கம் துன்னுட்டு ஒரு பக்கம் பட்டினி கெடக்குது?"

தெரு முழுக்கச் சிரித்தது. அவள் வீட்டுக்காரன் சும்மா இருக்காமல், "நைனா, இத்த சோழவரத்துல வுட்டா நேரா ஓடாது, ரவுண்டு சுத்திகினே கெடக்கும்" என்றான். மாமியார் படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அந்தச் சுண்ணாம்பு டப்பியை இவர் கேட்டு வாங்கினார். வலப்பக்க முன் மட்கார்டின் உள் ஓரத்தில் விரலால் சுண்ணாம்பைத் தடவிவிட்டு, என்னை உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். பாதி திருப்புவதற்குள் கரகரவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரில் வெள்ளைக் கோடு.

"அவன் மூணரைல வெக்கலன்னு சொல்லு" என்றார் இவர்.

"நா மூணரைலதான் வெச்சேன், அவருதான் மாத்திட்டாருன்னு சொல்லு அண்ணி" என்றான் அவன்.

இரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். தெருவும் என்னையே பார்க்கிறது. சொன்னதைத்தான் நான் சொன்னேன், அதில் ஒரு எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை. எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"இனிமே என் வாய் வயியா ஒரு இன்ச்சு போவாது. உங்க ரெண்டு பேருக்கும் நாக்கு கீது இல்ல? நா போய் கொயம்பு வெக்கணும்."

உள்ளே போய்விட்டேன். போனேனே தவிர, குழம்பு எங்கே வைத்தேன்? கதவுக்குப் பின்னால் நின்றேன். இப்போது இவர் காரை விட்டுவிட்டு உள்ளே வந்தால் அவ்வளவுதான், அவன் இன்றைக்கே துணியை மூட்டை கட்டுவான் என்று தோன்றியது. சரக்கு ரயில் ஒன்று மெதுவாகப் போய் முடிந்தது.

மாமியார்தான் காறித் துப்பிவிட்டுச் சொன்னார்: "டேய், பெத்தவ கேக்கறேன். எவன்டா முன்னாடி பேசப் போறீங்க? நா போய்ச் சேந்தப்புறமா?"

அப்புறம் கொழுந்தன் குரல் கேட்டது. கரகரவென்று வந்தது, அதுவும் எங்கேயோ உரசிக்கொண்டு வருகிற மாதிரி.

"அண்ணாத்தே... நீ எந்த வெளிம்புலேந்து அளந்தே?"

"உள்ளேந்துதான்டா. எவனா வெளியேந்து அளப்பானா?"

"நா வெளியேந்து அளந்தேன்."

"ஏன்டா கய்தே?"

"கண்ணுக்கு அதானே தெரியுது!"

லேத்தில் நிற்கிறவருக்கு வளையத்தின் உள் விளிம்புதான் கணக்கு. ஓட்டுகிறவனுக்குக் கண்ணில் படுகிற வெளி விளிம்புதான் கணக்கு. அவனுக்கு ஆசையும் அந்தப் பக்கம்தானே, வேறெங்கிருந்து அளப்பான்? ஒரே மூன்றரைதான், ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து. 'எங்கிருந்து' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் இரண்டு பேரும் இத்தனை நாள் கேட்கவில்லை. என்னிடம் சொல்லி அனுப்பவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் சோறு தொடவில்லை இரண்டு பேரும். அவன் வலப்பக்கச் சக்கரங்களை அறுத்துப் போட்டுவிடலாம் என்றான். இவர் பின் மட்கார்டுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். பின்னால் சக்கரம் திரும்பப் போவதில்லை, மட்கார்டும் அங்கே புடைப்பாக இருக்கிறது. "ஒடுங்குனது ரெண்டையும் முன்னாடி மாட்டு, துருத்துனது ரெண்டும் பின்னாடி போவட்டும்" என்றார். அவன் முகத்தைச் சுளித்தான். பின்னால் சக்கரம் அகட்டினால் வண்டி முன்னால் வளையாது என்று ஏதோ சொன்னான். ஒரு மணி நேரம் கத்தினார்கள். கத்தட்டும் என்று நான் நிம்மதியாகக் குழம்பு வைத்தேன்.

மாற்றி மாட்டினார்கள். ஆனால் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டுமே? மாமியாரை ஒரு பக்கம், என்னை நடுவில், அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை இன்னொரு பக்கம் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். சுண்ணாம்பு தடவி, துறைமுகத் தண்டவாளம் வரைக்கும் ஓட்டிப்போய்க் குதிக்கக் குதிக்கத் தாண்டினார்கள். "மாதாவே, என் இடுப்பு!" என்று மாமியார் கத்தினார். "யக்கா, சிரிச்சது தப்புதான், என்னை எறக்கி வுடச் சொல்லு" என்றாள் அவள். பின் மட்கார்டின் ஓரம் டயரில் உரசத்தான் செய்தது. இவர் அங்கேயே ரோட்டோரம் படுத்துச் சுத்தியலால் அந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்தார். அவன் எதிர்ப்பக்கம் இரும்பு முட்டுப் பிடித்துக்கொண்டான். "இன்னும் கொஞ்சம் அயுத்து... போதும்டா... டேய் போதும்ங்கறேன்!" என்றார் இவர்.

சோழவரத்துக்கு நாங்களும் போனோம், புழல் தாண்டி, புளிச்சோறும் வறுத்த நெத்திலியும் கட்டிக்கொண்டு. கயிற்றுக்குப் பின்னால் வெயிலில் நின்றோம். அவன் ஜெயிக்கவில்லை. கடைசியும் வரவில்லை. எனக்கு அந்த இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் மட்டும் கார் வளைவில் வரும்போதெல்லாம் குனிந்து குனிந்து சக்கரத்தையே பார்த்தார். முடிந்ததும் கொழுந்தன் ஓடி வந்தான். என்னைத் தாண்டி நேரே அவரிடம் போனான். "அண்ணாத்தே, வலது பக்கம் திருப்பும்போது பின்னாடி ஒரசிச்சி, கேட்டியா?" இரண்டு பேரும் வண்டிக்குக் கீழே தலையை விட்டார்கள்.

இனி ஒரே வீடுதான் என்று நான் நினைத்தேன். பேச்சு வந்துவிட்டால் சுவர் வராது என்று எனக்கு ஒரு எண்ணம். அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணமாயிற்று, எண்ணூர்ப் பக்கம் வேலை கிடைத்தது, அங்கேயே குடித்தனம் போனான். அதைக் கோபத்தில் செய்யவில்லை. அண்ணனோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தான். பேசாமல் பிரிவதைத்தான் நான் பார்த்திருந்தேன். பேசியும் பிரியலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவர் வரவில்லை, நான் பயந்தது நடக்கவில்லை. ஆனாலும் வீடு பாதியாயிற்று. இதில் எனக்கு ஜெயமா தோல்வியா என்று இந்த வயதிலும் என்னால் சொல்ல முடியவில்லை.

சாமான் ஏற்றிய அன்று கார் யாருக்கு என்று வாசலில் பேச்சு நடந்தது.

"நீ வெச்சுக்க அண்ணாத்தே. அம்மாவ கோயிலுக்கு கூட்டினு போ."

"வவுத்த தரைல தேச்சிகினு போற வண்டில அம்மாவ ஏத்த மாட்டேன். நீயே எடுத்துனு போடா. ஞாயித்துக்கெயம எட்துகினு வா, பின்னாடி அந்த ஓரத்த இன்னும் மடிக்கணும்."

"வரேன். கோயி கொயம்பு வெக்கச் சொல்லு."

"நீயே சொல்லேன்டா, உள்ள தான கீறா."

நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே வருவதற்குள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் மூலமாக அந்த வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. அதற்குத்தானே ஆசைப்பட்டேன், ஆனாலும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.