மாசி வெயிலில் நெத்திலி காயப்போட்டவள்

கருவாட்டுத் தொழிலில் முதலாளி வெயில்தான். மாசி மாதத்தில் அந்த முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிடுவார். மொட்டைமாடியில் வற்றலைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து ஒரு முறையாவது திட்டியவர்களுக்கு என் கதை புரியும்.

நாங்கள் திண்டுக்கல்காரர்கள். மூன்று வருடமாக ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரையில், நானும் என் வீட்டுக்காரரும் நெத்திலி வாங்கிக் காயவைத்து, திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பார்த்த திசை

எங்கள் ஊரில் சிறுமலை கறுத்தால் மழை. அந்தப் பழக்கத்தில், முதல் மாசியில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, நிலத்துப் பக்கம் வானத்தைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. மணலில் நெத்திலியைப் பரப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். இரண்டாவது கவளம் வாய்க்குப் போவதற்குள் கூரை தடதடத்தது. கடலிலிருந்து கொண்டல் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஓடிப்போய் அள்ளுவதற்குள் பாதி நனைந்துவிட்டது.

பக்கத்துக் களத்தில் மீன் உலர்த்தும் செல்வி அக்கா, தன் சரக்கைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏ திண்டுக்கல்லு, மழை வர்றது கடல்ல இருந்து. நீ எவன் வீட்டு வாசலப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

வளைந்த மீன்

நனைந்ததை வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே பரப்பி இரண்டு நாள் ஆற்றினேன். பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது. பேகம்பூர்க் கடைக்காரப் பாய் ஒரு மீனை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. எங்களிடம் வாங்குவது அந்த ஒரு கடைதான்.

பாய் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவ ஈரத்தோட வந்துச்சுன்னா, நீங்க வேற கடை பாத்துக்கங்கம்மா."

நான்கு கம்பும் ஒரு வலையும்

"ஊருக்கே வந்திருங்க, ரெண்டு மாடு வாங்கிப் பொழச்சுக்கலாம்" என்றான் என் தம்பி போனில். "வாரேன், பொங்கலுக்கு" என்று வைத்துவிட்டேன்.

மறுநாளே நான்கு கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் பழைய வலையை இழுத்துக் கட்டினோம். மீனுக்குக் கீழேயும் காற்று போகும். ஒரு பக்கம் தார்ப்பாயைச் சுருட்டிக் கயிறு கட்டினோம். ஒரு இழுப்பில் மூடிவிடலாம்.

செல்வி அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பந்தலெல்லாம் போட்டிருக்க, கருவாட்டுக்குக் கல்யாணமாடி? மாப்பிள்ள யாரு, வஞ்சிரமா?"

மூன்று மழை

அடுத்த வாரம் ஒரே பகலில் மூன்று மழை. மூன்று தடவையும் கடலைப் பார்த்தபடியே நின்று கயிற்றை இழுத்தேன். இடையில் வெயில் அடித்தபோதெல்லாம் திறந்தேன். சோறு வாசலிலேயே ஆறிப்போனது. மூன்றாவது மழையில் செல்வி அக்காவின் தார்ப்பாயைக் காற்று தூக்கிவிட்டது. அவர் மீனைக் கூடைகளில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய கூடைகள் என் வலைக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டன.

நான்காம் நாள் மூட்டையோடு பேகம்பூர் போனேன். பாய் கையை உள்ளே விட்டு, அடிவரை துழாவி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று அவர் தேடியது முகத்திலேயே தெரிந்தது.

"ஈரம் இல்ல, சரி. வாராவாரம் கொண்டாங்க. ஆனா மீனு ஏம்மா இம்புட்டுச் சிறுசா இருக்கு?"

கடல், வானம், பாய் ஆகிய மூவரும் ஒரே நாளில் திருப்திப்பட்டதாக இதுவரை சரித்திரம் இல்லை என்பதால், அவர்களைக் கேட்காமலே இந்த மாசிக்கும் நெத்திலி காயப்போட்டிருக்கிறோம்.