பெட்டி மாறிய அடைக்கோழி

கூட்டைத் திறந்ததும் எங்கள் சிவப்புக் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. அடியில் கையை விட்டுப் பார்த்தால் ஒரு முட்டையும் இல்லை. வயிறு மட்டும் சுட்டது. அதற்கு நோயில்லை, அடைக்கு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"தண்ணிக்குள்ள முக்கி எடு, அடை தெளிஞ்சிடும்," என்றார் அம்மா.

எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில் சேவல் வளர்க்க விடமாட்டார்கள். எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டு முற்றத்துக் கோழிகளின் முட்டைகள் ஒருநாளும் பொரிக்காது. அன்றே லொங்குய்ய் ஊர் தாண்டி ஒரு பண்ணைக்குப் போய்க் கருக்கூடிய முட்டைகள் வாங்கி வந்து அதன் பெட்டியில் அடைவைத்தேன். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று அம்மா பக்கத்தில் ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் வைத்தார்.

ஒரு வாரத்தில் முட்டைகளைப் போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே சிவப்பு நரம்புகள் ஓடின. அம்மா சத்தமே போடாமல் சிரித்தார்.

பேந்து ஒருநாள் நான் வகுப்பு முடிந்து வந்தபோது, இரை தின்ன இறங்கிய கோழி பக்கத்துப் பெட்டியில், எங்கள் மற்றக் கோழிகளில் ஒன்று இட்ட முட்டைமேல் அசையாமல் இருந்தது. அதன் சொந்த முட்டைகள் கல்லாய்க் குளிர்ந்து கிடந்தன.

"இடிக்கு இரும்பு வைச்சன். இதுக்கு என்னத்தையடா வைக்கிறது?" என்றார் அம்மா.

முட்டைகளை எல்லாம் எடுத்துவிட்ட பிறகும் அது அடை தெளியாமல் வெறும் வைக்கோலில் மெலிந்துகொண்டே கிடக்கிறது. நாளைக்குப் பண்ணையில் பெட்டைக்குஞ்சுகள் வாங்கப் போகிறேன். இனியும் மாறாதபடி மற்றப் பெட்டியை அடைத்துவிட்டு, இருட்டியதும் குஞ்சுகளை மெல்ல அதன் வயிற்றுக்கடியில் விட்டு, தன் குஞ்சென்று ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும்.