வாய் வராத ஞாயிறு

தொண்ணூறுகளில் மம்சாபுரத்தில் ஒரு சிறு சபைக்கு நான் போதகர். ஞாயிறு ஆராதனையில் முதலில் “கர்த்தர் நல்லவர்” என்பேன். சபையார் “என்றும் நல்லவர்” என்று பதில் சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால் விடமாட்டேன். கணவரை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறே வந்த அன்னம்மாளைக்கூட மறுபடி சொல்ல வைத்தேன்.

ஒரு ஞாயிறு விடியற்காலையில், நிறைமாத கர்ப்பிணியான என் மனைவிக்கு ரத்தப்போக்கு. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில், “ரெண்டு உயிருக்கும் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. ஊழியக்காரன் ஆராதனையை விடலாமா என்று, மாமியாரைத் துணைக்கு வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சபைமுன் நின்றேன். “கர்த்தர்...” அதற்கு மேல் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிச் செய்தி அதற்குள் சபைக்குத் தெரிந்திருந்தது; எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அன்னம்மாள் எழுந்தார். “ஐயா, அவர் நல்லவர்தான். அதை இன்னைக்கு நாங்க சொல்லிக்கிடுதோம். நீங்க ஆஸ்பத்திரிக்கு, அம்மாகிட்ட போங்க.”

ஓடினேன். குழந்தை தங்கவில்லை. மனைவி கண் விழித்தபோது அவள் கை என் கையில் இருந்தது.

இப்போதும் ஆராதனையை அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் துக்கத்தோடு வந்தவர்களை வற்புறுத்துவதில்லை. அவர்களுக்கு வாய் வரும்வரை, அவர்களுக்கும் சேர்த்து நானே சொல்கிறேன்.