முனிரத்தினம் அண்ணன் மூடாத கதவு

செவ்வாய்க்கிழமை காலை, பாகாலாவில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பழைய வார்டுத் தோழி போனில் கூப்பிட்டாள். "அக்கா, நம்ம முனிரத்தினம் அண்ணன் தவறிப் பூட்டாரு." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் எதையும் செய்யாத மனிதர், இதை மட்டும் இப்படிச் செய்துவிட்டாரே!

திருப்பதியில் எங்கள் மருத்துவமனைக்கு ஆக்சிஜன் பெட்டி வந்த காலம் அண்ணனைத் தெரிந்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆள் படுக்கும் நீளத்துக்குக் கண்ணாடிக் கூண்டு. உள்ளே அழுத்தத்தோடு சுத்தமான ஆக்சிஜனை ஏற்றுவார்கள். அதை இயக்கத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். வளைகுடாவில் கடலடியில் வேலை செய்பவர்களுக்காக இதே மாதிரிப் பெட்டியைப் பல வருடம் ஓட்டிவிட்டுச் சித்தூர் திரும்பியவர். "அவசரம் டாக்டருக்கு இருக்கலாம், பெட்டிக்கு இல்ல" என்பார்.

ஒருநாள் நகரி விசைத்தறிக்காரர் ஒருவரைக் கணைய அழற்சியோடு கொண்டுவந்தார்கள். வயிறு வீங்கி, மூச்சு வாங்கியது. கணையத்துக்கு இது உறுதியான வைத்தியமில்லை, மற்ற சிகிச்சையோடு சேர்த்து முயன்று பார்க்கலாம் என்று டாக்டர் அவர் மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார். நோயாளியை ஆயத்தம் செய்தவள் நான். நர்ஸ் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான். பாலியஸ்டர் லுங்கியை மாற்றிப் பருத்தி உடுத்திவிட்டேன், தலை எண்ணெயைத் துடைத்தேன், எல்லாம் சரி என்றேன்.

கதவை மூடப் போன அண்ணன் நின்று முகர்ந்தார். நோயாளியின் சட்டையைத் தூக்கினார். தொப்புள் நிறைய விளக்கெண்ணெய்!

"சூடு தணியட்டும்னு நான்தான் உட்டேன் சாமி" என்று அந்த அம்மா நடுங்கினார்.

"வூட்ல உடும்மா, தப்பில்ல. இதுக்குள்ள எண்ணெ இருந்தா தீப்புடிச்சிக்கும். கழுவிட்டு ஏத்தறேன். நான் இங்கியே நின்னுக்கினு இருப்பேன், பயப்படாத."

டாக்டர் ஓடிவந்து கத்தினார். "அந்த ஆளு திணர்றாரு, கதவ மூடாம என்ன பண்றீங்க? யாரு செக் பண்ணது?" வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நான்தான் சார். பாக்காம உட்டுட்டேன்" என்றார் அண்ணன், சோப்பு நுரைக் கையோடு.

கழுவித் துடைத்த பிறகுதான் கதவு மூடியது. தறிக்காரர் பிழைத்தார். அவர் மனைவி அண்ணன் காலில் விழப் போனபோது, "பெட்டி மட்டும் காப்பாத்தலம்மா, எல்லாரும் சேந்து இழுத்தோம்" என்று சிரித்தார்.

அதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை, கோழை! அண்ணனைத் தெரிந்தவர்களே, அன்று அவர் அசந்துவிட்டார் என்று இன்னமும் சொல்பவர்கள் உங்களில் உண்டு. அவர் அசரவில்லை. பார்க்காமல் விட்டவள் நான். இத்தனை வருடம் அவர் சுமந்த அந்தப் பழி என்னுடையது. இனி அதை நானே வைத்துக்கொள்கிறேன்.