கண்டல் காய்ந்த பிறகு

திருத்தணி மலைமேல் செருப்பு வைக்கும் கொட்டகையில் டோக்கன் கொடுக்கும் பரசுராமனைப் பார்ப்பவர்கள், அவர் பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி என்றுதான் நினைப்பார்கள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலேயே பதில் சொல்வார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்திலும் குரல் உயராது. ஆனால் அவர் கடலோரத்துக்காரர். வலது கை ஆள்காட்டி விரலின் நுனி இருக்காது. இளவயதில் ஒரு சேற்று நண்டு கடித்ததில் போனது.

கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஒரு சின்ன மீனவக் குப்பம் அவருடைய ஊர். நண்டும் இறாலும்தான் பிழைப்பு. ஊருக்கும் கடலுக்கும் நடுவே, அலையாத்தி என்றும் சொல்லும் கண்டல் காடு இருந்தது. அந்த மரங்களின் வேர் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கும். அந்த வேர்களுக்கு இடையில்தான் நண்டு வளை தோண்டும், இறால் குஞ்சு வளரும். புயல் எச்சரிக்கை வந்தால் ஊரே படகுகளைக் காட்டுக்குள் இருக்கும் ஓடைக்குத் தள்ளிக்கொண்டு போய் மரங்களில் கட்டிவிடும். கரையில் விட்ட படகு உடையும், காட்டில் கட்டிய படகு பிழைக்கும். சுனாமி வந்த காலையில் அவர் மகன் எழிலனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து பார்த்தபோது முன்வரிசை மரங்கள் முறிந்து கிடந்தன, வீடுகள் நின்றிருந்தன. அன்று முதல் அந்தக் காட்டின் மேல் அவருக்குச் சாமி மேல் இருப்பதுபோல ஒரு நம்பிக்கை.

மனைவி மஞ்சள்காமாலையில் போன பிறகு மகனை அவரே வளர்த்தார். எழிலன் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டினான். திருத்தணியிலிருந்து அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஷோபனாவை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். ஜாதி வேறு என்று பெண் வீட்டார் யாரும் வரவில்லை. பெண் துணை இல்லாத வீட்டுக்கு வந்த மருமகளுக்கு முதல் மாதம் முழுக்க மாமனார்தான் சமைத்துப் போட்டார். நண்டை எப்படிப் பிடித்தால் கடிக்காது என்று அவள் கேட்டபோது தன் விரலைக் காட்டிச் சிரித்தார். பிறகு கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். எழிலன் அப்பாவோடு படகில் ஏறினான். மோனிஷா பிறந்தாள்.

காடு கெட ஆரம்பித்ததை அந்த ஊரில் யாரும் ஒரே நாளில் பார்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பெய்ய வேண்டிய மழை ஒரே வாரத்தில் கொட்டிவிட்டு நின்றுவிடும். ஆற்றில் நல்ல தண்ணீர் வருவது குறைந்தது. முகத்துவாரத்தை மணல் அடைத்தது. வெயில் ஒவ்வொரு வருஷமும் கூடிக்கொண்டே போக, கழித் தண்ணீர் கோடையில் உப்புப் பாத்தித் தண்ணீர்போலக் கரித்தது. இன்னொரு பக்கம் கடல் ஏறியது. கடல் பொங்கும் ஓதத்தில் மட்டும் மூழ்கி எழும் வேர்கள் எந்நேரமும் தண்ணீருக்கு அடியிலேயே கிடந்து மூச்சுத் திணறின. இலை பழுத்தது, உதிர்ந்தது. பட்டை உரிந்து மரங்கள் எலும்புபோல நின்றன. வனத்துறையிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி, கடல் சூடாகி உயர்ந்துகொண்டு வருகிறது, இது எல்லாக் கரையிலும் நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பரசுராமன் நம்பாமல் இல்லை. ஒரு நல்ல மழை வந்தால் துளிர்த்துவிடும் என்று அதையும் சேர்த்து நம்பினார்.

அந்த வருஷம் டிசம்பரில் புயல் வந்தது. காலையிலிருந்தே காற்று. படகைக் கரைமேட்டுக்கு இழுத்துவிடலாம் என்றான் எழிலன்.

"காட்டுல கட்டுடா. எங்க நைனா காலத்துலேருந்து அங்கதான் கட்டிகினு வர்றோம்" என்றார் பரசுராமன்.

அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வாசலில் மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஷோபனாவுக்கும் மாமனார் சொன்னது காதில் விழுந்தது.

காய்ந்த மரங்கள் காற்றைத் தாங்கவில்லை. வேர் அழுகியிருந்ததால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. வெள்ளம் வடிந்த பிறகு மரங்களை அறுத்து எடுத்துத்தான் எழிலனை வெளியே கொண்டுவந்தார்கள். படகுக் கயிறு அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. ஊர் வழக்கப்படி சுடுகாட்டு மேட்டில் புதைத்தார்கள்.

சாவுக்குத்தான் ஷோபனாவின் அண்ணன் பூபாலன் முதன்முதலாக அந்த வீட்டு வாசலை மிதித்தான். தங்கச்சியையும் குழந்தையையும் திருத்தணிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாமாவும் வரவேண்டும் என்று ஷோபனா சொன்னாள். அவர் வரமாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. ஓத நாட்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து அடுப்படியில் நின்றது. பக்கத்து வீட்டுத் தமிழ்செல்வி கொடுக்கும் சோற்றில் பாதியை நாய்க்கு வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அவள்தான் ஷோபனாவுக்குப் போன் செய்தாள்.

மாசியில் ஒரு நாள் ஷோபனா தனியாக வந்தாள். வந்ததும் அவருடைய இரண்டு வேட்டி சட்டைகளைப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அவர் சுவரோரம் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எம்மேல உனுக்குக் கோவம் இல்லியாம்மா?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கீது மாமா. அப்பப்ப வருது. அதுக்காவ உங்கள இங்க உட்டுட்டு நான் அங்க எப்பிடி சோறு துன்றது?"

அவர் எழுந்து வந்தார்.

பூபாலன் சொல்லி மலையில் கொட்டகை வேலை கிடைத்தது. முதலில் அவருக்குப் படிகள் பழகவில்லை. சேற்றில் நடக்கிறவர்போலப் பாதத்தை அகட்டி அகட்டி வைப்பார். ஷோபனா பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றாள். மூவரும் சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள். எழிலன் பேச்சு வீட்டில் வராது.

ஒரு முறை பூபாலனோடு பஸ்ஸில் பள்ளிப்பட்டுக்குப் போனார். பாலத்தைத் தாண்டும்போது கீழே மணல் மட்டுமே இருந்த ஆற்றின் பெயரைக் கேட்டார். கொசத்தலை என்றான் பூபாலன். இந்தத் தண்ணீர்தான் எங்கள் காட்டுக்கு வரவேண்டியது என்று சொன்னார். அவனுக்கு அது புரியவில்லை. அவர் பாலம் மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த மழைக்காலத்தில் தமிழ்செல்வி கூப்பிட்டாள். ஊர்ப் பெண்கள் கண்டல் நாற்று நடுகிறார்கள், நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும் என்றாள். ஷோபனாவும் மோனிஷாவும் கூட வந்தார்கள். பழைய காடு இருந்த இடம் இப்போது வெறும் தண்ணீர். அதற்கு இப்பால் இருந்த சேற்றில், கழித் தண்ணீர் வந்துபோக வாய்க்கால் வெட்டி நட்டார்கள். பரசுராமன் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, குனிந்த முதுகு நிமிராமல் நட்டார். அன்று மாலை அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதை ஷோபனா கவனித்தாள்.

அந்த வருஷமும் மழை சட்டென்று நின்றுவிட்டது. பங்குனியிலேயே அனல் அடித்தது. சித்திரை முடிவதற்குள் நாற்றுகளெல்லாம் கருகிவிட்டன. தமிழ்செல்வி இதைச் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் இருந்தாள். வேறென்ன என்று கேட்டார்.

தண்ணீர் சுடுகாட்டு மேடுவரை வந்துவிட்டது, ஓரத்து மண் சரிந்துகொண்டிருக்கிறது என்றாள். இனி நட வேண்டுமென்றால் அந்த இடத்தில்தான் சேறு பக்குவமாக இருக்கிறதாம். புதைத்திருக்கும் வீட்டார் எல்லோரும் சம்மதித்தால்தான் வாய்க்கால் வெட்ட முடியும். மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள்.

"நீ இன்னா சொல்றண்ணா?"

"என் மருமகளக் கேக்கணும்" என்றார்.

ஷோபனா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் துண்டைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவரு மேலயா நடுவாங்க?"

"ஆங்."

"அதுவும் காஞ்சு பூட்டா?"

பரசுராமன் தெரியவில்லை என்றே சொன்னார். நடாவிட்டால் இரண்டு மழைக்குள் மேடு கரைந்துவிடும், அவன் இருக்கும் இடமே இருக்காது என்பது மட்டும் தெரியும் என்றார்.

உள்ளே மோனிஷா வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷோபனா, "நடச் சொல்லுங்க மாமா" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். எழிலன் போன பிறகு அவர் முன்னால் அவள் அழுதது அன்றைக்குத்தான்.

அவர் வாசலுக்கு வந்து தமிழ்செல்விக்குப் போன் போட்டார். முதல் முறை அவள் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்.