உப்புப் பார்க்காத இறைச்சி

அந்த மின்சாரச் சட்டி இப்போதும் எங்கள் குசினி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அதில் ஒரேயொரு முறைதான் சமைத்தேன். மகள் அதை லண்டனிலிருந்து உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாள். வருத்தக்காரத் தகப்பனைப் பார்க்க வருகிறவள் பழம், சத்துமா என்று ஏதாவது கொண்டுவருவாள் என்று பார்த்தால், அம்மிக்கல் பாரத்தில் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அதன் பிளக்கும் எங்கள் பலெர்மோ வீட்டுச் சுவருக்குப் பொருந்தவில்லை. கீழே வங்காளியின் கடைக்குப் போய் ஒரு அடாப்டர் வாங்கிவந்து செருகினோம்.

"அம்மா, இதிலை காலமை இறைச்சியைப் போட்டால் பின்னேரந்தான் அவிஞ்சு முடியும். பிறகு பல்லே தேவையில்லை. நாக்காலை அமத்தினாலே கரைஞ்சிடும்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் நாக்கு என்ற சொல்லை எல்லோரும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம்.

என் கணவருக்கு நாக்கில் புற்று. முதலில் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். பிறகு கதிர் அடித்தார்கள். அதற்குப் பிறகும் அது திரும்பி வந்தது. இனி முழு நாக்கையும் எடுக்கவேண்டும், எடுத்தால் கதைக்க முடியாது, சாப்பாடும் வயிற்றுக்கு நேரே குழாயில்தான் என்று டாக்டர் பெண் விளக்கினார். எடுக்காவிட்டால் எவ்வளவு காலம் என்பதை மேசையைப் பார்த்தபடி சொன்னார். திங்கட்கிழமை காலையில் இவர் தன் பதிலைச் சொல்லவேண்டும். இவரோ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆயிரம் கதை கதைக்கிற மனுசன், அந்த ஒன்றை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டால் பப்பாவுக்குத் தென்பு வரும், தென்பு வந்தால் ஓம் என்பார் என்று மகள் கணக்குப் போட்டிருந்தாள். நானும் அதை நம்பினேன். கதிர் அடித்த நாளிலிருந்து அவர் எங்களுடன் மேசையில் இருந்ததில்லை. அரைத்த சூப்பை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். வாயோரத்தால் வழிவதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று எங்கள் சீசாப் பகுதியின் மொட்டை மாடிகளைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பார்.

எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது. அவர் சுகமாகும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் வைப்பதில்லை என்று வெறுங்காலுடன் மலையேறிப் போய் சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் சொல்லியிருந்தேன். பலெர்மோவில் எங்கள் சனம் கிறிஸ்தவமோ சைவமோ, கஷ்டம் வந்தால் அந்த மலைக்குத்தான் ஏறும். முழு நகரத்தையும் பிடித்த கொள்ளைநோயைத் துரத்தியவளாம். ஒரு மனுசனுடைய நாக்கு அவளுக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள் போல.

மச்சம் தின்னாதவள் மச்சம் சமைக்கக்கூடாது என்று சட்டமில்லை. பிள்ளைகளுக்காகச் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன். உப்புப் பார்க்க மட்டும் முடியாது. குழம்பில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துப் பழகிய கை, கரண்டியோடு அந்தரத்தில் நிற்கும். பிறகு மகனைக் கூப்பிட்டு அவன் கையில் விடுவேன். முன்பெல்லாம் அது இவருடைய வேலை. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போய்ச் சமையற்காரராக வந்தவர். வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் சட்டியின் மூடியைத் தூக்கிவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலை" என்று ஆரம்பிப்பார். அப்போது எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஞாயிறு காலையில் தோள் இறைச்சியை மேசையில் வைத்துக்கொண்டு நானும் மகளும் சண்டை பிடித்தோம்.

"இப்பிடிப் பாறாங்கல் மாதிரி முழுசாவே போடுறது? வெட்டாமல் என்னெண்டு அவியும்?"

"அம்மா, இது கறி இல்லை. சும்மா விடுங்கோ."

மிளகாய்த்தூள் இவருடைய வாயை எரிக்கும் என்பதால் மிளகும் பூண்டும் மட்டும். அதை மகள் பூசிப் பிசறினாள். நான் கரட்டும் உருளைக்கிழங்கும் வெட்டினேன். அவள் குளிக்கப் போனதும் எல்லாவற்றையும் சட்டியில் அடுக்கி, சுவிட்சைப் போட்டேன். அன்று சலவை மெஷினும் இல்லை, அயன் பெட்டியும் இல்லை என்று வீட்டுக்குச் சொல்லிவைத்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பெரிய சாமான் ஒன்றாக ஓடினால் மீட்டர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். விழுந்தது தெரியாமல் பூசைக்குப் போய்விட்டால் பிறகு பச்சை இறைச்சிதான்.

"மூடியைத் திறக்கக்கூடாது. ஒருக்காத் திறந்தாலும் சூடெல்லாம் போயிடும்" என்று மகள் ஊசியால் குத்துவது மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதனால் நான் திறக்கவில்லை. மகனும் கால்சாவில் ஒரு பாரில் வேலைக்குப் போயிருந்தான். உப்புப் பார்க்க ஆளில்லை.

பூசை முடிந்து வந்தபோது பாலைவன மண்ணை அள்ளிவரும் ஷிரோக்கோ காற்று தொடங்கியிருந்தது. வானம் மண்ணிறம். யன்னல்களைச் சாத்தினோம். இவர் மட்டும் பல்கனியிலேயே இருந்தார். பின்னேரமாகும்போது இறைச்சியின் மணம் வீடு முழுக்க நின்றது. இவர் பல்கனியிலிருந்து மெல்ல எழும்பி வந்து, குசினிக் கதிரையில் இருந்து சட்டியின் கண்ணாடி மூடியையே பார்த்தார்.

"மணம் தெரியுது. ருசிதான் செத்துப்போச்சு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவரே எழும்பி மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்தார். எண்ணிப் பார்த்தேன், நான்கு. தனக்கும் வைத்திருந்தார். இனி ஓம் என்றுதான் சொல்வார் என்று முடிவே கட்டிவிட்டேன். மகளைப் பார்த்தேன், அவளும் அதைத்தான் நினைத்தாள். மகன் வேலையால் வந்து, மேசையில் தகப்பனைக் கண்டு, கை கழுவாமலே பக்கத்தில் இருந்தான்.

முள்ளுக்கரண்டியால் தொட்டதும் இறைச்சி நாராகப் பிரிந்தது. இவர் ஒரு சிறு துண்டை எடுத்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார். விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். பிள்ளைகளும் ஒரு வாய் வைத்தார்கள். வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தகப்பன் சாப்பிடுகிற சந்தோசம் என்று நினைத்தேன்.

"பப்பா, புவோனோ?" என்று மகன் கேட்டான்.

"ஓம். நல்லா இருக்கு."

என் கோப்பையில் சோறும் பருப்பும் இருந்தன. இவர் கடுதாசியால் வாயைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சரும், நீரும் சாப்பிடும்."

"சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

"பருப்பைச் சொல்லேல்லை."

"எனக்கு நேர்த்தியெல்லோ."

"அதுக்குத்தான் சொல்லுறன். நாளைக்கு நான் வேண்டாம் எண்டு சொல்லப்போறன். குழாயைச் செருகிக்கொண்டு வாய்பேசாமல் இருக்க என்னாலை ஏலாது. நீர் இன்னும் எவ்வளவு காலத்துக்குப் பருப்புத் தின்னப்போறீர்?"

மகளின் கரண்டி கோப்பையில் விழுந்தது. "பப்பா, அப்பிடிச் சொல்லாதைங்கோ. நாளைக்கு டொக்டரோடை ஒருக்காக் கதைச்சுப்போட்டு..."

"கதைக்க ஏலுமானமட்டும் கதைக்கிறன் பிள்ளை. அதுக்குத்தானே வேண்டாம் எண்டுறன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கேட்காமலே முடிவெடுத்த இவர்மேல் கோபம். மலையில் சும்மா இருந்துகொண்டு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவள்மேல் அதைவிடக் கோபம். நான் தின்னாமல் இருக்கும்வரை அவருக்குச் சுகம் வர ஒரு வழி திறந்திருக்கிறது என்று நம்பியிருந்தேன். தின்றால் அதை நானே என் கையால் சாத்தியதாகிவிடும். தின்னாவிட்டால், இவ்வளவு நாளைக்குப் பிறகு மேசைக்கு வந்த மனுசனைத் தன் முடிவோடு தனியே இருக்க விடவேண்டும். இரண்டுக்கும் எனக்கு மனமில்லை.

அவர் ஒரு துண்டை எடுத்து என் பருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு ருசி தெரியேல்லை. நீர் திண்டு சொல்லும், எப்பிடி இருக்கெண்டு."

எடுத்து வாயில் வைத்தேன். வைத்தவுடனேயே தெரிந்தது. ஒரு கல் உப்பும் இல்லை. மிளகோடு சேர்த்து மகள் போட்டிருப்பாள் என்று நான் நினைத்திருக்கிறேன், அடுக்கும்போது அம்மா போட்டிருப்பா என்று அவள் நினைத்திருக்கிறாள். பிள்ளைகளைப் பார்த்தேன். இருவரும் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்கள். தகப்பனுக்குத் தெரியாதுதானே என்று, அவர் சாப்பிடுகிறாரே என்று, முதல் வாயிலிருந்து ஒன்றும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"எப்பிடி?" என்று கேட்டார்.

நல்லாயிருக்கு என்று சொல்லச்சொல்லி மகள் கண்ணால் கெஞ்சினாள். என்னால் முடியவில்லை. என் சமையலுக்கு இவரிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, சொன்னாலும் பிடித்துவிடுவார்.

"உப்பில்லை" என்றேன்.

வெட்டின பக்கம் இழுத்துக்கொள்ள, அவர் சிரித்தார். "உப்பில்லாப் பண்டம்..." என்று தொடங்கினார். எச்சில் வழிந்து மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. கடுதாசியை வாயில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் உப்புப் பேணியை இழுத்துத் திறந்தார். இரண்டு விரலால் கிள்ளி என் கோப்பையில் தூவினார். சமையற்காரர் தூவுகிற மாதிரி, கொஞ்சம் உயரத்திலிருந்து.

"இப்ப?"

முதல் துண்டு அவர் வைத்ததற்காகத் தின்றது. இரண்டாவதைச் சட்டியிலிருந்து நானாகவே எடுத்தேன். அவர் தூவிய உப்பில் தொட்டுச் சாப்பிட்டேன்.

"இப்ப சரி" என்றேன்.