எந்த இசக்கி?

ஊரில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து இசக்கிகள். இசக்கி அம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, அவள் பெயர்தான்.

இங்கே, வேலைக்கு வந்த பென்னலூரில், நான் ஒருவன்தான். "இன்னாப்பா பேரு இது? கேட்டதே இல்லியே" என்றார் வீட்டுக்காரம்மா. அர்த்தம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, அன்றிலிருந்து "திருநெல்வேலி" என்றே கூப்பிடுகிறார். கம்பெனியிலும் அதே பெயர்தான்.

இன்று காலை ஸ்டாப்பில் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே இசக்கி, பஸ் வந்துட்டுல!"

"இந்தா வாரேன்" என்று திரும்பிவிட்டேன்.

அவன் கூப்பிட்டது டீக்கடையில் நின்ற வேறொருவனை. இருவரும் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஊரில் என்னைத் தேடி வந்தவர்களிடம் "எந்த இசக்கி?" என்று கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஒருமுறை அப்படிக் கேளுங்களேன். பதில் வைத்திருக்கிறேன்.